ஆவட்டும் என்றால் சரி என்று அர்த்தமில்லை

பிள்ளைகளே, நம் குடியிருப்புக்கும் அரிசி மில்லுக்கும் நடுவில் இத்தனை வருடம் நின்றாயே, அதில் எது பெரிய கஷ்டம் என்று கேட்டீர்கள். மில் முதலாளியா, தாலுகா ஆபீசா என்று நீங்களே இரண்டு பதிலையும் எடுத்துக் கொடுத்தீர்கள். இரண்டும் இல்லை. 'ஆவட்டும்' என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மண்டை காய்கிறது.

நம் இருளர் ஜனம் தனக்குள் பேசும்போது அந்தச் சொல் அநேகமாக வராது. மாமியாரானாலும் மருமகனானாலும் 'மாட்டேன், போ' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். ஆனால் வெள்ளை வேட்டி கட்டிய ஆள் ஒருவர் வந்து எதையாவது சொன்னால் போதும். கையைக் கட்டிக்கொண்டு "ஆவட்டுங்க" என்பார்கள். ஒரு தடவை தடுப்பூசி போடும் நர்சம்மா வந்து, "நாளைக்குக் காலையில பிள்ளைங்கள தூக்கிக்கினு எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துடணும்" என்றார். "ஆவட்டுங்க." மறுநாள் அந்தம்மா மத்தியானம் வரைக்கும் வெறும் பள்ளிக்கூடத்தில் ஈ ஓட்டிவிட்டு, சாயங்காலம் வழியில் என்னைப் பிடித்துக் கத்தினார். "உங்க ஆளுங்க வாயில உண்மையே வராதா?" என்று கேட்டார்.

உண்மைதான் வந்தது. அவருக்குப் புரியவில்லை. நம் வாயில் அந்தச் சொல்லுக்கு 'நீ சொன்னது காதில் விழுந்தது, நீ கிளம்பலாம்' என்றுதான் அர்த்தம். சம்மதம் வேறு. சம்மதம் இருந்தால் 'வர்றோம்', 'செய்றோம்' என்று வாய் திறந்து வரும். இந்த வித்தியாசம் நமக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதைத் தெரியவைக்கிற வேலை என் தலையில் வந்து விழுந்தது.

ஏன் என் தலையில் என்றால், நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போனவன். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் படிப்பேன். ஆபீஸ் வாசலில் பியூன் 'யாருடா' என்றால் ஓடிவர மாட்டேன், அங்கேயே நிற்பேன். இந்த இரண்டு தகுதியை வைத்துத்தான் எண்பதுகளின் நடுவில் என்னைக் குடியிருப்புக்குத் தலைவராக்கினார்கள். கூட்டம் போட்டு, "நீ இருக்கிறியா?" என்று கேட்டார்கள். "இருக்கிறேன்" என்றேன். அன்றைக்கு நானும் 'ஆவட்டும்' என்று சொல்லிவிட்டு நழுவியிருக்கலாம். புத்தி வரவில்லை.

அப்போது நாம் திண்டிவனத்துக்கு வெளியே, ஏரிக்கும் மில்லுக்கும் நடுவில் இருந்த புறம்போக்கு மேட்டில் குடிசை போட்டிருந்தோம். மில் என்றால் புழுங்கல் அரிசி மில். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, அவித்து, சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்பி, வெயிலில் காலால் கிளறிக் காயவைக்கிற வேலை முழுக்க நம் ஆட்கள்தான். உங்கள் அம்மாவும் அந்தக் களத்தில்தான் வேலை செய்தாள். மில்லில் ஏதாவது தகராறு என்றால் முதலாளி என்னைக் கூப்பிட்டு "ஒங்க ஆளுங்க" என்பார். குடியிருப்புக்கு வந்தால் இவர்கள் "ஒங்க மொதலாளி" என்பார்கள். எனக்கு என்று சொந்தமாக ஒரு பக்கம் இருந்ததில்லை.

ஒரு சித்திரை மாதம், கோலியனூர்ப் பக்கம் இருந்த சொந்தக்காரர் பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவதற்காக நான் விழுப்புரம் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து மில் மேஸ்திரி குடியிருப்புக்கு வந்திருக்கிறார். "மொதலாளி புதுசா களம் போடப் போறாரு. எடம் பத்தல. நீங்கல்லாம் ஏரிக்கு அந்தாண்ட போயிடுங்க. கீத்து, மூங்கில் எல்லாம் அவரே குடுப்பாரு. இன்னா சொல்றீங்க?"

என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டுமா?

எனக்கு விஷயம் நம் ஆட்கள் மூலமாக வரவில்லை. இரண்டு நாள் கழித்து மில் வாசல் டீக்கடையில் முதலாளியே என் தோளைத் தட்டினார். "ஒன்னை மெச்சிக்கணும்யா. ஜனத்த நல்லா பழக்கி வச்சிருக்கிற. குடியிருக்கிற எடத்த விட்டுப் போங்கன்னு சொன்னா எவனாவது சண்டைக்கு வருவான். ஒங்க ஆளுங்க ஒத்த வார்த்தை எதுத்துப் பேசல. தாசில்தார் காதுலயும் போட்டுட்டேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஏரிக்கு அந்தப் பக்கம் என்பது கலிங்குப் பள்ளம். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாக அங்கேதான் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் அங்கே மாடுகூட நிற்காது. அந்த இடத்தில் கைக்குழந்தைகளோடு குடிசை போடுவது என்றால், ராத்திரி தூங்கும்போதே தண்ணீர் வந்து பாயை எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்குத் தெரிந்த இந்த விஷயம் நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்தப் பள்ளத்தில் நண்டு பிடித்தே வளர்ந்தவர்கள். தெரிந்தும் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் சொல்லை.

நேராக உங்கள் மாமாவிடம் போனேன். உங்கள் அம்மாவின் அண்ணன். அவர்தான் அன்றைக்கு மேஸ்திரிக்கு முதலில் தலையாட்டிய ஆள். எலி வளை தோண்டுகிற கடப்பாரையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், மேஸ்திரி வந்தாராமே?"

"வந்தாரு."

"அந்தாண்ட போறோம்னு சொன்னியா?"

"எவன் சொன்னான்? நான் எதுக்குப் போறேன்? ஆவட்டும்னு சொன்னேன்."

"அவரு அதத்தான் சரின்னு எடுத்துக்கினு போயிட்டாரு!"

"அவரு எடுத்துக்கினு போனா அதுக்கு நான் இன்னா பண்றது மாப்ள? சொல்லும்போது கேட்டுக்கினேன். போறப்போ போன்னு விட்டுட்டேன். வூட்டாண்ட வந்த ஆளு கிட்ட மல்லுக்கா நிக்க முடியும்?"

"மல்லுக்கு நிக்க வேணாம். மாட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"மூஞ்சிக்கு நேராவா?" என்று கேட்டு, நான் ஏதோ அசிங்கம் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

உங்கள் அம்மா பக்கத்திலேயே இருந்த நம் குடிசை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்கண்ணன ஏன் காயிற? நேத்து கூரைக்கு ஓலை மாத்துன்னு ஒன்கிட்ட சொன்னேனே, நீ இன்னா சொன்ன?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அங்கிருந்து கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அலைந்த அலைச்சலைக் கேளுங்கள். முதலில் முதலாளியிடம் போனேன். "ஐயா, நம்ம ஆளுங்க சொன்னது சம்மதம் இல்லீங்க. அது சும்மா ஒரு வார்த்தை." அவர் சிரித்தார். "ஆவட்டும்னா ஆவட்டும்தான்யா. நான் என் பொண்ணு கல்யாணத்தையே அந்த ஒரு வார்த்தையிலதான் முடிச்சேன்" என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. அவர்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

பிறகு தாலுகா ஆபீஸ். தாசில்தார் விழுப்புரத்தில் மீட்டிங் என்றார்கள். விழுப்புரம் போனேன். மீட்டிங் முடிந்து கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போய்விட்டார் என்றார்கள். அப்போது நமக்குக் கலெக்டர் கடலூரில்தான் இருந்தார். கடலூர் போக என்னிடம் தெம்பு இல்லை. திரும்பித் திண்டிவனம் வந்தால், "இப்பத்தானேய்யா ஜீப்புல வீட்டுக்குப் போனாரு, நீ எங்க போயிருந்த?" என்று பியூன் என்னையே கேட்கிறான். வைகாசியும் ஆனியும் இப்படியே போயின. இந்தப் பக்கம் மேஸ்திரி நூல் கட்டிக் களத்துக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். அந்த நூலின் மறுமுனையை நம் ஆட்களே பிடித்துக்கொண்டு நின்றார்கள். "பிடின்னாரு, பிடிச்சோம்" என்றார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் தாசில்தாரைப் பிடித்தேன். களைத்துப்போன மனிதர், ஆனால் கெட்டவர் இல்லை. நான் சொன்ன கதையைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். "நீங்க ஒண்ணு சொல்றீங்க, அவர் ஒண்ணு சொல்றார். நான் நேர்ல வந்து அந்த ஜனங்களையே கேக்கறேன். போகமாட்டோம்னு வாயால சொன்னா யாரும் உங்கள அசைக்க முடியாது. ஆட்சேபணையே வரலேன்னா, நான் இடத்தை அவருக்கு விடும்படி எழுதிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்.

ஒரு வார்த்தைதான். அது வந்தால் மேடு நமக்கு, வராவிட்டால் பள்ளம் நமக்கு.

ஊருக்கு வந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து ஒத்திகை நடத்தினேன். கவிழ்த்துப் போட்ட உரல் மேல் நான் உட்கார்ந்து, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏம்பா, அந்தாண்ட போறீங்களா?" என்று தாசில்தார் குரலில் கேட்டேன். "மாட்டோம்!" என்று ஏரி அதிரக் கத்தினார்கள். இன்னொரு தடவை. "மாட்டோம்!" சின்னப் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்துக்கொண்டு, 'குளிக்க வா' என்றால்கூட "மாட்டோம்!" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. உங்கள் மாமா மட்டும் காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "ஒன்னப் பாத்து சொல்ல வருது மாப்ள. அவரப் பாத்தா வருமான்னு தெரியல."

"வரணும் மச்சான்."

"பாப்போம்."

ஆடி மாதக் காற்றில் உமி பறந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் ஜீப் வந்தது. தாசில்தார் இறங்கினார். முதலாளியும் மேஸ்திரியும் ஏற்கெனவே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தாசில்தார் உட்காரக்கூட இல்லை. நல்ல மனதோடுதான் கேட்டார்.

"இந்த இடத்தை விட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் போகச் சொல்றாங்க. போறீங்களா? பயப்படாம சொல்லுங்க."

முதலில் நின்றவர் உங்கள் மாமா. என்னைப் பார்த்தார். நான் கண்ணால் சொன்னேன். தாசில்தாரைப் பார்த்தார். 

"ஆவட்டுங்க."

அடுத்த ஆள், "ஆவட்டுங்க." அதற்கடுத்தவர், "ஆவட்டுங்க சாமி." உங்கள் அம்மாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைத்தான் சொன்னாள். வரிசை முழுக்க அப்படியே போய் முடிந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பேரையும் ஏரியில் தள்ளிவிட்டு நானும் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று முன்னால் போனேன். "இப்ப நீங்க அப்படியே மாத்திக் கேளுங்க. இங்கியே இருக்கிறீங்களான்னு கேளுங்க."

தாசில்தார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் கேட்டார். "சரி, அந்தப் பக்கம் போகவேண்டாம். இங்கேயே இருந்துக்கிறீங்களா?"

"ஆவட்டுங்க." "ஆவட்டுங்க." "ஆவட்டுங்க சாமி."

முதலாளியின் கால் ஆடுவது நின்றது. தாசில்தாருக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. உங்கள் மாமாவுக்கு நேராகத் திரும்பி, "உங்க எல்லாரையும் ஜீப்புல ஏத்திக் கடலூர் ஜெயில்ல விட்டுடட்டுமா?" என்றார்.

உங்கள் மாமா பணிவாகக் கையைக் கட்டிக்கொண்டார். "ஆவட்டுங்க."

ஜீப் டிரைவர் சிரித்துவிட்டார். தாசில்தாரும் சிரித்தார். பிறகு முதலாளியிடம், "இதையா சம்மதம்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

முதலாளி விடவில்லை. "சம்மதம் இல்லேன்னே வச்சிக்குவோம். மறுப்பும் இல்லையே சார்? ஒருத்தர் வாயில வேணாம்னு வந்துச்சா? இவன் ஒருத்தன்தான் துள்றான். மத்தவங்களுக்கு ஒண்ணுமில்ல."

அது நியாயமான பேச்சாகவே தாசில்தாருக்குப் பட்டது. என்னைப் பார்த்து, "அவர் சொல்றதும் சரிதானேப்பா. நீங்க சொல்றது கணக்கில்ல. இவங்க வாயிலிருந்து வரணும்" என்றார். ஜீப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அவ்வளவுதான், மேடு போய்விட்டது என்று நினைத்தேன். அந்த வெறுப்பில்தான் அது எனக்குத் தோன்றியது. நம் ஆட்களைத் தாசில்தாரிடம் பேசவைக்க முயன்றதுதானே தப்பு? நான் தாசில்தாருக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். அங்கே முதலாளியும் இல்லை, ஜீப்பும் இல்லை என்பதுபோல உங்கள் மாமாவுக்கு எதிரில் போய் நின்று, நாம் நமக்குள் பேசுகிற குரலில் கேட்டேன்.

"இன்னா மச்சான், பேசாம அந்தாண்ட போயிடலாமா?"

அவர் முகம் மாறியது.

"இன்னாது?"

"பள்ளத்துல போய் குடிசை போட்டுக்கலாம்ன்றேன். கீத்து குடுக்கறாங்களே."

"ஒனக்கு இன்னா மூளை கெட்டுப் போச்சா? ஐப்பசில அங்க இன்னா இருக்கும்? எங்கப்பன் அந்தப் பள்ளத்துல மாட்டிக்கினு மரத்துமேல ரெண்டு நாள் கெடந்தான், தெரியுமில்ல ஒனக்கு? நீ போ! ஒனக்கு ஆசையா இருந்தா நீ போய்ப் படு! நான் போவ மாட்டேன். எந்தங்கச்சியையும் அனுப்ப மாட்டேன்!"

"ஏன், நான் போவேன்னு எவன் சொன்னான்?" என்று உங்கள் அம்மா என்மேல் பாய்ந்தாள். "புள்ளைய வச்சிக்கினு தண்ணிலயா படுப்பேன்? மேஸ்திரி பேச்ச கேட்டுக்கினு ஆடுறியா நீ? எவ வருவா ஒங்கூட? எவளும் வர மாட்டா!"

பிறகு யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் என்னைத் திட்டினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "தலைவராம் தலைவரு, வித்துட்டு வந்துட்டான் பாரு" என்றது ஒரு குரல். 'போவ மாட்டோம்' என்பது ஒரு திசையிலிருந்து அல்ல, பத்துத் திசையிலிருந்து வந்தது. ஒத்திகையில்கூட அவ்வளவு சத்தம் வரவில்லை.

தாசில்தார் ஜீப் கதவைப் பிடித்தபடி நின்று முழுக்கக் கேட்டார். பள்ளத்தில் தண்ணீர் இறங்கும் என்று முதலாளி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. "கலிங்குப் பள்ளமா அது?" என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி முதலாளியைப் பார்த்தார். முதலாளி வேப்பமரத்தைப் பார்த்தார்.

"களத்தை ரோட்டுப் பக்கம் உங்க வேர்க்கடலைக் கொல்லையிலயே போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாசில்தார் ஏறிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

மேடு நம்மிடமே நின்றது. அதற்கப்புறம் மில்லில் கூலி விஷயமோ, மத்தியான வெயிலில் களத்தில் இறங்குகிற விஷயமோ எது வந்தாலும், முதலாளி என்னிடம், "நீ ஒங்க ஆளுங்களோட சண்டை போடுய்யா, நான் உள்ள இருந்து கேட்டுக்கறேன்" என்பார். அப்படித்தான் பல வருடம் பேச்சுவார்த்தை நடந்தது. திட்டு முழுக்க எனக்கு, தீர்வு அவர்களுக்கு.

இதில் எனக்கு இன்னும் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. ஜீப் போனபிறகும் அன்றைக்குச் சண்டை நிற்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே, "விடு மச்சான், அவரு காதுல விழணும்னுதான் அப்படிக் கேட்டேன்" என்றேன்.

"பொய் சொல்லாத. நெஜமாத்தான் கேட்ட. மூஞ்சிய பாத்தேனே."

"சத்தியமா நாடகம் மச்சான்!"

"நாடகம்னா முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? அத்தினி நேரம் ஒத்திகை நடத்தினியே, அதுல இது இல்லியே."

முன்னாடியே சொல்லியிருந்தால் அந்தக் கோபம் வந்திருக்காது, கோபம் வராவிட்டால் அந்த வார்த்தை வந்திருக்காது என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கண்டமங்கலத்துச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போய், "எங்க மாப்ள மொதலாளி பக்கம் சாஞ்சிட்டான், நாங்க கத்துனதுல பயந்து வுட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அங்கிருந்து ஆட்கள் வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள்.

ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்தது. காலையிலேயே உங்கள் மாமா வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆடியிலிருந்து என்னோடு பேசாத மனிதர். ஏரிக்கரை மேல் என்னை நிறுத்திவிட்டு அவர் மட்டும் பள்ளத்தில் இறங்கினார். சிவந்த தண்ணீர் முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு, மேஸ்திரி நம்மைக் குடிசை போடச் சொன்ன இடத்தில் நின்றார்.

"பாத்துக்கோ!" என்று கத்தினார். "நல்லா பாத்துக்கோ! இங்கதான் எங்கள இட்டுக்கினு வரப் பாத்த!"

கரையில் நம் ஜனம் அத்தனையும் நின்று தலையை ஆட்டியது. உங்கள் அம்மாவும் ஆட்டினாள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கலிங்குத் தண்ணீர் போட்ட இரைச்சலில் என் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை.